ஃப்ரீசரில் வைத்த துப்பாக்கி

அக்டோபர் 19

துப்பாக்கிக்கான புது மரக்கட்டை வந்துவிட்டது. வாசலில் மழையில் நனைந்து கிடந்தது பெட்டி. உள்ளே சுத்தமான வால்நட் மரம், நல்ல வரி.

என் வீட்டுக்காரன் வெஸ்ஸின் துப்பாக்கியில் இருக்கும் பழைய கட்டை அவன் உயரத்துக்கு அளந்தது. நான் தோளில் வைத்தால் கன்னம் இடத்தில் உட்காராது, விசைக்கு விரல் நீட்டி நீட்டிப் போக வேண்டும். இந்தப் புதுக் கட்டை ஒன்றேகால் அங்குலம் குட்டை.

பிப்ரவரியில் அவனை அடக்கம் செய்துவிட்டு வந்து, காபி ஆறுவதற்குள் அவன் தம்பி லீலண்ட் கேட்டான்: “அந்தத் துப்பாக்கிய நான் எடுத்துக்கட்டுமா வெர்னா? உனக்கு அது தோள்ல நிக்காது.” கேட்கிற நேரமா அது? அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் சொன்னது உண்மை என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

அக்டோபர் 21

“அப்படியே பொருந்தும்” என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். எங்கே பொருந்தியது? துப்பாக்கியின் இரும்புப் பாகம் கட்டைக்குள் பாதி இறங்கி நின்றுவிட்டது. மெழுகுவர்த்திப் புகையில் இரும்பைக் கருக்கி, மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தேன். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி கருக்கு, மறுபடி அழுத்து. வெஸ் இந்த வேலை செய்யும்போது நான் எதிரே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன். பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி கையில் ஏறியிருக்கிறது.

அக்டோபர் 24

கரி, உளி, கரி, உளி. டப்பா சூப்.

அக்டோபர் 29

குழல் மரத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். வெஸ்ஸின் பர்ஸில் இருந்த ஒரு டாலர் நோட்டை இரண்டுக்கும் நடுவே விட்டு இழுத்தேன். முனையிலிருந்து ஒரு சாண் வந்து சிக்கிக்கொண்டது. உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேய்த்தேன். சாயங்காலம் நோட்டு கடைசிவரை வழுக்கிப் போனது. “பாத்தியா!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன்?

சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பே மூட்டியிருக்கவில்லை.

நவம்பர் 5

இன்று பசை ஊற்றும் நாள். இரும்பு உட்காரும் குழியில் எபாக்ஸிப் பசையை ஊற்றி, மேலே இரும்பை வைத்துத் திருகிவிட்டால், அதன் அச்சிலேயே பசை இறுகும். பிறகு துப்பாக்கி இம்மியும் அசையாது. ஆனால் இரும்பு முழுக்க முதலில் மெழுகு தடவ வேண்டும். தடவாத இடத்தில் பசை பிடித்தால் பிடித்ததுதான்.

வலது பக்கம் தடவி முடித்தபோது தொலைபேசி அடித்தது. ஒன்பது மாதம் கழித்து லீலண்ட்.

“பதினஞ்சாம் தேதி மான் வேட்டை சீசன் தொறக்குது. வெஸ்ஸோட மறைவிடம் சும்மா கெடக்கு. மொத நாள் காலைல யாரும் உக்காரலன்னா அடுத்த ஆளுக்குன்னு கேம்ப்ல ஒரு வழக்கம் இருக்குல்ல. என் மருமகன் கேக்குறான்...”

“நான் உக்காருவேன்.”

“நீயா?”

“ஏன், அந்த எடத்துல பொம்பள உக்காந்தா மான் வராதா?”

வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடம் வெஸ் உட்கார்ந்த இடம். அந்தச் சிடார் மரங்களுக்கு நடுவே அவன் அடித்து வைத்த பலகை. அதைப் போய் அந்த மருமகன்! கோபத்தோடு பசையைக் கலந்தேன், ஊற்றினேன், திருகினேன்.

நவம்பர் 6

வரவில்லை. திருகாணிகளைக் கழற்றிவிட்டு இழுத்தேன், தட்டினேன், முழங்காலுக்கு நடுவே வைத்து இழுத்தேன். வரவில்லை. மெழுகு டப்பாவைப் பார்த்ததும்தான் உறைத்தது. இடது பக்கம் தடவவே இல்லை. அந்த போன்! அந்தப் பாழாப்போன போன்!

இரும்பும் மரமும் ஒண்ணா ஒட்டிக் கெடக்கு. இப்படியே கெடந்தா விசையை மாட்ட முடியாது, சுடவும் முடியாது. உன் துப்பாக்கியை நானே கெடுத்துட்டேன் வெஸ். நானே.

நவம்பர் 7

யாரோடும் பேசவில்லை. அதற்கு ஆளும் இல்லை.

நவம்பர் 8

மானம் பார்த்தால் பதினைந்தாம் தேதி போய்விடும். லீலண்டைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

“நானும் ஒட்டியிருக்கேன்,” என்றான். “தொண்ணூறுல. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு வெஸ்ஸுகிட்ட சத்தியம் வாங்கினேன். உன்கிட்டகூடச் சொல்லலயா?”

சொல்லவே இல்லை, அந்த மனுஷன்.

“ஃப்ரீசர்ல போடு. ஒரு ராத்திரி முழுக்க. இரும்பு சுருங்கும், பசை விட்டுரும். வெஸ் அப்படித்தான் எடுத்துக் குடுத்தான்.”

“வெளிய வச்சா?”

“வெளிய மழைல்ல பெய்யுது. இந்தக் குளிர் பத்தாது. என்கிட்ட இருக்கிற ஃப்ரீசர் சின்னது, ஐஸ்கிரீம்தான் வைக்கலாம். உன்னோடதுதான் நீளம்.”

என்னுடையதுதான் நீளம். அது நிறைந்து கிடக்கிறது.

நவம்பர் 9

காலையில் ஃப்ரீசரின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். போன வருஷத்து மான் முழுக்க அதில் இருக்கிறது. வெள்ளைத் தாளில் சுற்றி, வெஸ் தன் கோணல் எழுத்தில் எழுதிவைத்த பொட்டலங்கள். பிப்ரவரிக்குப் பிறகு ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் குறையும். அதனால்தான் டப்பா சூப். இதை இங்கே எழுதுவதற்கே ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது.

எடுத்து அடுக்கினேன். தொடைக்கறி. கொத்துக்கறி. சாசேஜ். அடியில் ஒன்று: “முதுகுக்கறி. வெர்னாவுக்கு. லீலண்டுக்குக் கொடுக்காதே.”

படியில் உட்கார்ந்து அழுதேன், சிரிக்கவும் செய்தேன். பிறகு துப்பாக்கியைக் குறுக்காக வைத்து மூடினேன். வெளியே எடுத்த கறியை நான் ஒருத்தி தின்று தீர்க்க முடியாது. லீலண்டை மறுபடி கூப்பிட்டேன். “ஐஸ் பெட்டி எடுத்துட்டு வா. வயித்தயும் காலியா எடுத்துட்டு வா.”

நவம்பர் 10

காலை ஏழு மணிக்கே வந்துவிட்டான். குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நீ அடி. உன் துப்பாக்கி,” என்றான். ரப்பர் சுத்தியலால் நாலு அடி அடித்தேன். ஐந்தாவதில் டக்கென்று விட்டது. இடது பக்கம் நகம் அளவு பசை பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். சரிபண்ணித் தருகிறேன் என்றான். இருக்கட்டும் என்றேன்.

முதுகுக்கறியை வெண்ணெயில் வாட்டினேன். சுற்றியிருந்த தாளை அவன் முன்னால் வைத்தேன். படித்தான். மூக்கை உறிஞ்சினான். “செத்தும் விடமாட்டேங்கிறான் பாரு,” என்று சொல்லி, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டான்.

“அன்னைக்குக் கேட்டது தப்பு வெர்னா.”

“தப்புதான்,” என்றேன். உருளைக்கிழங்கையும் அவன் பக்கம் தள்ளினேன்.

நவம்பர் 12

நூறு கஜத்தில் மூன்று குண்டு. மூன்றையும் ஒரு காபிக் கோப்பையின் வாயால் மூடலாம். கன்னம் சரியாக உட்காருகிறது.

நவம்பர் 15

கேம்ப். வெஸ்ஸின் பலகையில் உட்கார்ந்தேன். என்ன குளிர். எட்டரைக்கு சிடார்களுக்குள்ளிருந்து நாலு முனைக் கொம்போடு மான் ஒன்று வந்தது. பக்கத்தில் திரும்பி “வருது” என்று சொல்லப்போனேன். யாரும் இல்லை. பிறகு சுட்டேன்.

லீலண்ட் கால் மணியில் வந்து நின்றான். “ஒரே வெடிதான் கேட்டுச்சு, விழுந்துருச்சுன்னு தெரிஞ்சுது. அதான் கத்தியோட வந்தேன்.”

அவன் மருமகன் கயிறு கொண்டுவந்தான். நல்ல பையன்தான் போலிருக்கிறது.

நவம்பர் 21

புது மானின் கறி வெட்டி முடிந்தது. பழையதை கேம்ப்பிலேயே எல்லோருமாகத் தின்று தீர்த்தோம். வெஸ்ஸின் தாள்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். எது என்று எழுத வேண்டியதில்லை.

ஃப்ரீசர் பாதி நிறைந்திருக்கிறது. எல்லாப் பொட்டலத்திலும் என் எழுத்து. கடைசியாகச் சுற்றியதில் எழுதினேன்: “முதுகுக்கறி. ஞாயிற்றுக்கிழமை. லீலண்டுக்கும்.”