பூவாடை கூப்பிடும் கரை

12-11-68, செவ்வாய். எண்ணூர்.

இன்று ஆற்றங்கரை முழுக்க முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள்.

போன மாதம் இங்கே ஃபாக்டரி கட்டப் பிளான் போட வந்த ஆபீசர், ஊரே கைகட்டி நிற்க, என்னைத்தான் கூப்பிட்டார். கவர்னருக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. "இங்க சாமி, சடங்கு ஏதாவது உண்டா? இருந்தா பிளான்ல இடம் விட்டுடுவோம்" என்றார். ஐந்தாவது வரை படித்தவன், விடுவேனா? "நாங்கள்லாம் நாகரிகமானவங்க சார். இங்க வெறும் சேறுதான் கீது" என்றேன். அசந்துபோய் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் என் தங்கை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையில் அவள் மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன், சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவளை, பூவாடைக்காரி என்று, அந்தக் கரையில்தான் கூப்பிடுவோம். ஆற்றுத் தண்ணீரைச் சொம்பில் முகந்து, அவளை வீட்டுக்கு அழைத்து வருவோம். எங்கள் குடும்பத்தில் அது என் மனைவி.

"அண்ணி எந்த வழியாண்ணா வூட்டுக்கு வரும்?" என்றாள்.

"ஆபீசர் நம்ம தோஸ்து. நாளைக்கே வேலில ஒரு கேட்டு வைக்கச் சொல்றேன்."

"அந்தாளு பேராவது தெரியுமா உனக்கு?"

தெரியாது.

கரையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவது எப்போதும் நான்தான். வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்குமா? அங்கே ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே வாயால் அவள் பேரை...