ரின் மூடியில் பூசிய பச்சை

2006 யூலை 1, சனி

காசு போடுகிற கதவு கழன்றுவிட்டது!!! திருகாணி எல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகினால் — டக். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மஸாஹிர் நானாவின் இன்ரநெற் கடைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பழைய விளையாட்டு மிசின் வந்திருக்கிறது. ஆள் உயர மரப்பெட்டி, முன்னுக்கு நின்று விளையாடுவது. டாங்கி ஓட்டிச் சுடுகிற விளையாட்டு. நான் பிறக்க முதலே செய்தது! படம் வருகிறது, சத்தம் வருகிறது, ஆனால் இரும்பெல்லாம் சொறி பிடித்த மாதிரி. நானா அதை அப்படியே வைக்கப் போகிறாராம். விடுவேனா? "வெளிநாட்டில இதை வீட்டிலயே கழட்டிப் புதுசாக்குறாங்கள் நானா, இன்ரநெற்றில அவங்கட போரம் முழுக்க இதுதான்" என்று நாள் முழுக்கப் பின்னால் திரிந்தேன். கடைசியில் "கொண்டு போ மகள், உன்ட அரியண்டம் தாங்கேலாது" என்றார்.

கதவும், பொத்தான்கள் பூட்டுகிற முன் தகடும் இப்போது எங்கள் கிணற்றடியில்.

யூலை 6, வியாழன்

மேலே கறுப்பு. அதற்குக் கீழே சிவப்பு. அதற்கும் கீழே — பச்சை! கடும் பச்சை, ஒலிவ் பச்சை. நானாவின் கமராவில் படம் எடுத்துப் போரத்தில் போட்டேன். போலந்தில் இருக்கிற 'ரஸ்ட்பக்கற்' உடனே பதில் போட்டார். அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் மிசின் விசயத்தில் அவர் சொன்னால் சரி. முதல் வந்த மிசின்களுக்கு மட்டும் தொழிற்சாலையில் அடித்த நிறமாம். வேறு நிறம் அடிக்காதே, அதையே திருப்பி அடி என்கிறார். அதற்குக் கீழே எத்தனை பேருடைய கைதட்டல்! பண்டாரிகுளத்தில் கிணற்றடியில் குந்தியிருந்து இரும்பு தேய்க்கிற எனக்கு!

அந்தச் சந்தோசத்தில் வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கினேன். பின்னேரம் போய் அடுத்த பதிலைப் பார்த்தால்: நிறம் பொருத்த ஒரு துண்டு பச்சையை விட்டுவைத்தாய்தானே?

விட்டுவைக்கவில்லை.

யூலை 8, சனி

வீரகத்தி அண்ணையின் இரும்புக் கடை. "ஒலிவ் பச்சை பெயின்ற் இருக்கோ அண்ணை?"

அவர் முதலில் ரோட்டைப் பார்த்தார். பிறகுதான் என்னை. "பிள்ளை, அந்தப் பச்சை நாங்கள் வைக்கிறேல்லை. இன்னொரு கடையில போய்க் கேட்டுடாத."

திரும்பி வரும்போது ஒருவரும் பின்னால் வரவில்லை. ஆனாலும் மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன். பெயின்ற் கேட்பது ஒரு குற்றமா?

என் அண்ணா ஜெயந்தன் தன் சைக்கிள் கடையில் மிஞ்சின பெயின்ற் ரின்களைக் கொண்டுவந்து தந்தார் — இலைப் பச்சை, கறுப்பு, மஞ்சள். "இந்தா. என்ர கலியாணத்துக்குக் கூட நீ இவ்வளவு பாடுபட மாட்டாய்." நானே கலக்கப்போகிறேன்.

யூலை 11, செவ்வாய்

நானாவின் கடையில் ஒவ்வொரு கொம்பியூட்டரும் என் படத்தை ஒவ்வொரு பச்சையாகக் காட்டுகிறது. ஒன்றில் வாழையிலை, ஒன்றில் சாணி. எதை நம்புவது? ரஸ்ட்பக்கற்றைக் கேட்டேன். அந்த நாளில் இராணுவ வண்டிகளுக்கு அடித்த பச்சைதான் கிட்டத்தட்ட அது, உங்கள் ஊர் மியூசியத்தில் பழைய இராணுவ வண்டி ஏதும் நின்றால் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார் என்று எழுதியிருக்கிறார்.

மியூசியத்தில்! இங்கே ரோட்டிலேயே நிற்கிறது!

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நானா வந்து திரையைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "மகள், என்ட கடையில இருந்து டாங்கி டாங்கி எண்டு எழுதுறதைக் கொஞ்சம் குறை. காலம் நல்லா இல்ல."

யூலை 13, வியாழன்

அடித்துவிட்டேன். தகட்டைக் கம்பிக் கொக்கியில் உடுப்புக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன். கச்சான் காற்று புழுதியை அள்ளி அதன் மேல் எறிகிறது. கதவுக்கு இன்னும் அடிக்கவில்லை, நிறம் சரியா என்று தெரியவேண்டும்.

அம்மா அதைக் கண்டுவிட்டு விளக்குமாறோடு நின்றுவிட்டா. "என்னடி இது? ஆமிக் கலரை வளவுக்குள்ள தொங்க விட்டிருக்கிறாய்! உனக்கென்ன விசரோ?" பெற்சீற்றைக் கொண்டுவந்து மேலே போட்டா. எடுத்தபோது பெற்சீற்றில் பச்சைக் கோடு. பெயின்ற் காயவில்லை. தின்னர் முடிந்துபோய் மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினதால் இருக்குமோ? தொட்டால் பலாப்பால் மாதிரி ஒட்டுகிறது.

யூலை 15, சனி

எழுதக் கை வருகுதில்லை.

பால்மா ரின் மூடி ஒன்றில் அதே பச்சையை மெல்லிசாகப் பூசி, வெயிலில் காயவைத்துப் பையில் வைத்திருந்தேன். ஆமி மறித்துச் சோதிக்கிற குருமன்காட்டுச் சென்றியில் எப்போதும் ஒரு ஆமி ட்றக் நிற்கும். போகிற வழிதானே, ஒருக்கால் பார்த்தால் என்ன?

சைக்கிளை நிறுத்தி மூடியைக் கை நீட்டிப் பிடிச்சன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு! சென்றிக்கு முன்னால! அந்த நேரம் எனக்கு ஆமி தெரியேல்லை, சென்றி தெரியேல்லை, பச்சை மட்டும்தான் தெரிஞ்சது. என்ன பிறவி நான்?

"ஏய் நங்கி! தங்கச்சி!"

ரண்டு பேர் ஓடி வந்தாங்கள். ஒருத்தன் மூடியைப் பறிச்சு மணந்து பார்த்தான். "மொகத மே? என்ன இது?" பெயின்ற் எண்டன். "யார் பெயின்ற்?" என்ர எண்டு சொல்லியிருக்கலாம். நான் கலந்தது எண்டு சொல்லியிருக்கலாம்.

"அண்ணான்ர" எண்டன்.

ரின் அண்ணாவின் கடை ரின்தான், பொய் இல்லை. ஆனால் அவன் கேட்டது அதில்லையே. என் அடையாள அட்டை இலக்கம், வீடு, அண்ணாவின் பெயர், வேலை செய்யிற இடம், எல்லாம் எழுதிக்கொண்டான். மூடியைத் திருப்பித் தரவில்லை.

அப்பா செத்தபிறகு இந்த வீட்டில் ஆம்பிளை என்று இருப்பது அண்ணா ஒருவர்தான். அவரின் பெயரை நானே என் வாயால் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

யூலை 16, ஞாயிறு

அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வந்தால் காட்டுவம். விளையாட்டு மிசின்ர தகடு, அவ்வளவுதானே. அது அந்த இடத்திலயே தொங்கட்டும். எடுத்து ஒளிச்சியோ, அதுதான் பிழையாப் போகும். விளங்குதோ?"

"ஓம்."

"அம்மாட்டச் சொல்லாத."

யூலை 17, திங்கள்

ஒருவரும் வரவில்லை.

யூலை 19, புதன்

பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் இரண்டு மோட்டார் சைக்கிள். மெதுவாகப் போய், திரும்பி, இன்னும் மெதுவாக வந்தது. அம்மா குசினிக்குள். அண்ணா வேலைக்குப் போயிருந்தார். வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்தால் அந்தத் தகடு வளவில் ஒரு கண் மாதிரித் தெரிகிறது. என்னால் முடியவில்லை. கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற உமிச் சாக்குக்குள் தாட்டேன். காசுக் கதவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மோட்டார் சைக்கிள்காரர் மூலை வீட்டுக்குப் பால் மாடு பார்க்க வந்தவர்களாம். அம்மா சொன்னா.

அண்ணா வர நேரம் சென்றுவிட்டது, களைப்பு வேறு. நாளைக்குச் சொல்வோம். திருப்பித் தொங்கவிட்டால் போச்சு.

யூலை 20, வியாழன்

நான் எழும்ப முதல் வந்திட்டாங்கள்.

முன்னுக்கு வந்தவனின் கையில் என் மூடி, பொலித்தீன் பைக்குள். அவனோடு தமிழ் தெரிந்த ஒருவன். அம்மா கும்பிட்டுக்கொண்டே நின்றா. அண்ணா பயப்படவே இல்லை. அதைத்தான் என்னால நினைக்கேலாமல் கிடக்கு. "ஓம், என்ர கடைப் பெயின்ற்தான். தங்கச்சி ஒரு விளையாட்டு மிசினுக்கு அடிச்சவ. பின்னால கொடியில தொங்குது, வாங்கோ காட்டுறன்" எண்டு நிமிர்ந்து முன்னால நடந்தார்.

கொடியில் ரண்டு கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. என்னடி செய்தனி எண்டு மட்டும்.

நான் உமிச் சாக்கை நோக்கி ஓடினன். கையை உள்ளே விட, துவக்கு எல்லாம் என் பக்கம் திரும்பிச்சு. "கை எடு! கை எடு!" அம்மா கத்தினா. நான் தகட்டைப் பிடிச்சபடி இழுத்தன். காயாத பெயின்ற்றில உமி எல்லாம் ஒட்டி, என்னவோ மயிர் முளைச்ச சாமான் மாதிரி வெளியில வந்தது.

தமிழ் தெரிந்தவன் அதிலிருந்த ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். "இது எதுக்கு?"

"பொத்தான் பூட்ட."

"பொத்தான் அமத்தினா என்ன நடக்கும்?"

"சுடும்" எண்டன்.

சொன்னதுக்குப் பிறகுதான் என்ன சொன்னன் எண்டு விளங்கிச்சு. விளையாட்டில, படத்தில, டாங்கி சுடும் எண்டு பிறகு நான் கத்தினதை ஒருத்தரும் கேக்கேல்லை. நான்தான் கலந்தன், நான்தான் ஒளிச்சன், என்னைக் கொண்டு போங்கோ எண்டும் கத்தினன். அண்ணாவையும் தகட்டையும்தான் ஏற்றிக்கொண்டு போனாங்கள். அண்ணாவுக்குச் செருப்புப் போட விடேல்லை.

யூலை 21, வெள்ளி

செருப்பு வாசலிலேயே கிடக்கிறது.

யூலை 22, சனி

அம்மாவும் நானும் காலையிலிருந்து ஆமி காம்ப் வாசலில். அப்படி ஒருவரும் இங்கே இல்லை, போங்கோ என்றார்கள். அம்மா அந்த இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டா.

நான் நானாவின் கடைக்கு ஓடினேன். சொல்லி முடிக்க முதலே நானா கடைக்கதவை இழுத்துப் பூட்டத் தொடங்கினார். எங்களை விட்டுவிட்டு ஓடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஏன் ஓடக்கூடாது? அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"லாண்ட்மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பு மகள். மிசினையே கொண்டு போவம்."

"அது உடைஞ்சு போகும் நானா."

"உடையட்டும். மரப்பெட்டி."

மிசினை அந்த இரண்டு சில்லு உழவு வண்டியின் பின்பெட்டியில் ஏற்றிக் கயிறு கட்டி, நானா ஒரு பக்கம் பிடிக்க நான் மறுபக்கம் பிடிக்க, லாண்ட்மாஸ்டர் ஊர்ந்து ஊர்ந்து காம்ப் வாசலுக்குப் போனது. வழியில் இருந்த ஒவ்வொரு சென்றியிலும் மறித்தார்கள். நானா இடம்பெயர்ந்து அநுராதபுரம் பக்கம் இருந்த காலத்தில் பழகின சிங்களத்தில் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. 'மல்லி', தம்பி, என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

ஆமிப் பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். மிசினைச் சுற்றி நடந்தார். உள்ளே ஆள் அனுப்பித் தகட்டை எடுப்பித்தார். என் கையில் தந்து பூட்டு என்றார்.

வெளியில அத்தனை பேர் பார்க்க, உமி ஒட்டின தகட்டைத் தூக்கி மரப்பெட்டியில வைச்சன். பொருந்தவேணும். கடவுளே, பொருந்தவேணும். தேய்க்கும்போது வளைஞ்சிருந்தால்? முதல் திருகாணி உள்ளே போச்சு. ரண்டாவது ஓட்டை மாறி நிண்டது. திருகாணி நழுவி மண்ணில விழுந்துது. நானா குனிந்து எடுத்துத் தந்து, "ஆறுதலா, மகள்" என்றார். தகட்டை உள்ளங்கையால் ஒருக்கால் தட்டினேன். ஓட்டை ஓட்டைக்கு நேரே வந்தது. எல்லாத் திருகாணியும் உள்ளே போனது.

பெரியவர் ஒரு உமியைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

வெயில் சாயத்தான் அண்ணாவை விட்டார்கள். வெறுங்காலோடு நடந்து வந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

யூலை 30, ஞாயிறு

அண்ணா கிழமைக்கு ஒருமுறை காம்புக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டுமாம். முதல் முறை போனபோது அண்ணா திரும்பி வரும்வரை அம்மா ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்கவில்லை. உள்ளே என்ன கேட்டார்கள் என்று அண்ணா சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. இரவில் நாய் குரைத்தால் மூன்று பேரும் எழும்பி இருக்கிறோம்.

அம்மா முடிவெடுத்துவிட்டா. அண்ணா வெளிநாடு போகவேணும்.

2007 மார்ச் 11, ஞாயிறு

அண்ணா கட்டாரிலிருந்து நானாவின் கடைக்குப் போன் எடுத்தார். கதவுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. "இங்கத்தை வெயிலுக்கு அடிக்க அடிக்கக் காயுதடி. உன்ர தகடு காஞ்சுதோ?"

"காஞ்சிட்டுது, உமியோட."

சிரித்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததை இப்போதுதான் கேட்கிறேன். அம்மாவும் கேட்கட்டும் என்று போனை அவவின் காதில் வைத்தேன்.

மிசின் கடை மூலையில் நிற்கிறது. உள்ளங்கை அரிக்குது என்று விளையாடுகிற பெடியள் முறைப்பாடு. நானா அதைத் தேய்க்கவும் விடுவதில்லை, கழற்றவும் விடுவதில்லை. போரத்தில் நான் எழுதினதெல்லாம் அழித்துவிட்டேன். ரஸ்ட்பக்கற்றுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் கேட்டு எழுதுகிறார், கடைசியில் நிறம் பொருந்தியதா என்று.

இன்று வீட்டுக்கு வரும்போது குருமன்காட்டுச் சென்றி. வழமைபோலத் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டினேன். மணல் மூட்டைக்கு மேல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. ஈ விழாமல் அதை மூடியிருந்தது நான் பச்சை பூசின ரின் மூடி. அதற்குப் பின்னால் நல்ல வெயிலில் அதே ட்றக்.

ஒரு எட்டு வைக்கிற நேரம்தான் பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டேன்.

மஞ்சள் கூடிப்போச்சு.