தாளில் அடங்காத சுண்டுவிரல்

கோட்டைமேடு, கோயமுத்தூர்
20.3.97

அன்பு மகன் அர்ஷதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ராத்திரி நேரத்தில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள் கண்ணு. அத்தா தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது, உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர் உத்தரவு. நானும் தங்கச்சி ஹிபாவும் சுகம். ரியாத்தில் உன் உடம்பும் வேலையும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

நீ அனுப்பிய ஷூவைப் போட்டுத்தான் அத்தா ஜும்ஆவுக்குப் போனார். மவன் மொதச் சம்பளத்துல வாங்குனதுங்க, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குதுங்க என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொன்னாராம். மூன்றாவது வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால், அது வலது சுண்டுவிரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் போய்ப் புண். வலிச்சாத்தானே புண்ணு, எனக்கு ஒண்ணுமே தெரியலியே என்று என்னிடமே வாதாடினார். மறுநாள் டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, ஊசிமுனையால் பாதத்தில் ஏழெட்டு இடம் தொட்டார். ஏனுங்க டாக்டர், எப்பங்க ஆரம்பிப்பீங்க என்று கேட்கிறார் அத்தா. பத்து வருஷச் சர்க்கரையில் கால் நரம்பு கெட்டுவிட்டதாம், கடித்தாலும் சுட்டாலும் இனித் தெரியாதாம். புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார்.

உன் மேல் தப்பில்லை. நீ அளவு கேட்டபோது ஹிபா நோட்டுத் தாளில் அத்தா காலை வைத்துப் பென்சிலால் வரைந்தாள். தாள் போதாமல் சுண்டுவிரல் வெளியே நின்றது, ஓரத்தோடு கோட்டை முடித்துவிட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். தொட்டாலே கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்கிற மனுஷன் அன்று அசையாமல் நின்றார். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போய் பி.ஏ. முடித்தவள் நான், அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

டாக்டர் சொன்ன மெத்துச் செருப்பு வாங்கி வைத்திருக்கிறேன், தொட மாட்டேன் என்கிறார். ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்கு அந்த ஷூதானாம், பாலிஷ் போட்டாயிற்று. ஒளித்து வைத்தேன், தேடி எடுத்துவிட்டார். போடாம உட்டா எம் மவன் மனசு நோகும் சாஜிதா என்கிறார். போனில் நீ சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவார். அதனால் அவர் பெயருக்கே எழுது. அளவு தப்பாக வாங்கிவிட்டேன், போடாதீங்க என்று எழுது, நான் சொன்னதாக வேண்டாம்.

இரண்டு தாளை ஒட்டி, சரியான அளவை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போதுதான், அவர் தூங்கும்போது உள்ளங்காலில் தாளை வைத்து வரைந்தேன். ஐந்து விரலையும் சுற்றி வந்தேன், அவர் விழிக்கவே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, நீயும் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள். அல்லாஹ் உன்னை நல்லபடி வைக்கட்டும். பெருநாளுக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கிறது, கடிதம் வரவே பத்து நாள் ஆகிறது. உடனே பதில் போடு.

உன் அம்மா
சாஜிதா பேகம்