உட்கார்ந்தே வருவேன்

வெள்ளிமலை
22.11.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் உனக்குக் குரல் உயர்கிறது. எழுதினால் கடைசிவரை படிப்பாய்.

போன வருடம் என் குடலில் எடுத்த புற்றுக்கட்டி ஈரலுக்குப் பரவியிருக்கிறது. இரண்டு இடம். சின்னவை. இந்த முறை வயிற்றைக் கிழிக்கப் போவதில்லை. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக மெல்லிய ஊசியை இறக்கி, அதன் நுனிச் சூட்டில் கட்டியைப் பொசுக்குவார்களாம். மறுநாள் வீடு.

டிசம்பர் 4, புதுச்சேரி. நீ கூட வர வேண்டும்.

உன் தங்கை,
ஜெயசுதா


சங்கராபுரம்
26.11.2020

தங்கச்சி ஜெயசுதாவுக்கு,

உன் அண்ணி அழுதபடி இருக்கிறாள். ஊசி வேண்டாம். போன வருஷம் கத்தி வைத்தார்கள், அதனால்தான் பரவியது. ஊரே சொல்கிறது. ஈரல் என்றால் காமாலைச் சங்கதி. நாட்டு மருந்து தரும் தைலம்மாளிடம் கீழாநெல்லி அரைத்து வாங்கி பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். உப்பு, எண்ணெய் தொடாதே.

நாலாம் தேதி இட ஒதுக்கீட்டுக்காக இங்கே மறியல். நான்தான் முன்னால் நிற்கிறேன். பிடிவாதமாக வருவதென்றால் 108இல் படுத்து வா. ஆம்புலன்ஸை மட்டும் விடுவோம்.

அண்ணன்,
வீரமுத்து


வெள்ளிமலை
29.11.2020

அண்ணா,

கீழாநெல்லி வந்தது. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். செடி நன்றாக இருக்கிறது.

எனக்குக் காமாலை இல்லை. இன்று கருவாட்டுக் குழம்பு. உப்புத் தூக்கலாக.

கத்தி பரப்பவில்லை. கத்தி வைப்பதற்கு முன்பே அது கிளம்பியிருக்கிறது.

நம் பிள்ளைகளுக்காக நீ கேட்பது நியாயம். ஆனால் என் உடம்புக்கு என்னைக் கேட்காமல் முடிவு சொல்கிறாய்.

எனக்கு நடக்க வருகிறது. படுத்துக்கொண்டு வரமாட்டேன். என்னோடு வேலை பார்க்கும் அமிர்தம் டீச்சர் தன் ஸ்கூட்டரில் திருக்கோவிலூர் வரை கொண்டுபோகிறாள். அங்கிருந்து பஸ். உட்கார்ந்தே வருவேன்.

ஜெயசுதா


புதுச்சேரி
5.12.2020

அண்ணா,

நேற்று மறியலில் நீயும் இருந்தாய். என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ரோட்டின் குறுக்கே வெட்டிப் போட்ட புளியங்கிளை. உன்னோடு மறியலில் நின்ற கண்ணாயிரம் கேட்டார்: "இன்னாமா, நோவுன்னாரு உங்கண்ணன். ஜம்முனு குந்திக்கினு வர்ற?"

"நோவுன்னா படுத்துக்கினுதான் வரணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "ஒருத்தர வுட்டா எல்லாரும் கேப்பாங்க. வூட்டுக்குத் திரும்பு" என்றாய்.

இறங்கினேன். கிளையைத் தாண்டி உன் எதிரிலேயே நடந்தேன். நடக்கிறவளை எப்படி மறிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஸ்கூட்டர் சத்தம். யாரோ கிளையைத் தூக்கி வழிவிட்டார்களாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது நீ என்கிறாள் அமிர்தம். நான் இன்னும் நம்பவில்லை.

விலாவோரம் ஒரு சின்னப் பிளாஸ்திரி. உள்ளே இரண்டு கரிந்த இடம். முழுசாகப் போயிற்றா என்பது மார்ச் ஸ்கேனில் தெரியும். மறுபடி வந்தால் மறுபடி சுடலாம் என்றார் டாக்டர். சுடுங்கள் என்றேன்.

தூக்கியது நீதான் என்றால், மார்ச்சில் உப்புப் போட்ட சோறு கட்டிக்கொண்டு வா. இல்லையென்றாலும் நான் போவேன்.

ஜெயசுதா