கையுறைக்குள் உங்கள் மரம்

அக்கா,

இன்று காலை புதிய கையுறைப் பெட்டி ஒன்றைக் கிழித்தேன். ரப்பர் மணம் முகத்தில் அடித்தது. உடனே நீங்கள் பிரசவ அறையின் இரண்டாவது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இஞ்ச கொண்டா, மோந்து பாக்கட்டு. எங்க கீரிப்பாறை மரத்துப் பாலா இருக்கும்" என்கிறீர்கள்.

கண் கலங்கியதற்குத் தூசி என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் எதையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அது ஒரு வசதி.

போன வருடம் எனக்குக் கிடைத்த பயிற்சி இன்று புதிதாக வந்த நர்சிங் முதலாம் ஆண்டுக்காரர்களுக்கு. வலியில் இருப்பவளுக்குத் துணையாக உட்காருவது. ஊசி, மருந்து எதுவும் நம் கையில் கிடையாது. இடுப்பைத் தடவ வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், விட்டுப் போகக் கூடாது. "வழித்துணை மாதிரி" என்று போன வருடம் மேடம் சொன்னபோது பின்வரிசையிலிருந்து "வலித்துணை" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் மேடம் கடைசியாகச் சொன்னதைப் பாதிதான் கேட்டேன்: கட்டிலில் இருப்பவள் என்ன சொன்னாலும் சொன்னபடியே சிஸ்டரிடம் போய்ச் சொல்.

எனக்குக் கிடைத்த முதல் ஆள் நீங்கள். ஏழாம் மாதம் வரை ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டப் போனவர். மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கொடுத்தேன். "மலையேறி மரம் வெட்டுதவளுக்கு நீ மூச்சு விடப் படிச்சுத் தாறியாட்டி?" என்றீர்கள். எனக்கு அதற்குமேல் பாடம் தெரியாது. ஒரு கையுறையை ஊதிக் கட்டி, ஐந்து காம்புள்ள பசு என்று நீட்டினேன். எஸ்டேட்டில் மரத்துக்குப் பதில் இதைக் கறக்கலாம் என்றேன். சிரிக்கும்போதே வலி வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். நான்கு நகத்தடம்.

"ஏட்டி, சிரிக்க வச்சே கொன்னுருவ போலிருக்கே."

சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் குழந்தை. எல்லாம் நன்றாக முடிந்தது என்று டாக்டரும் சிஸ்டரும் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். உங்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருப்பது மட்டும்தான் என் வேலை. அப்போதுதான் மெதுவாகச் சொன்னீர்கள்.

"மக்கா, கீழ நனைஞ்சிட்டே இருக்கு. பால் வடியுத மாதிரி."

நாள் முழுக்க நாம் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தோம் அக்கா. "பால் பிடிக்கிற சிரட்டை கொண்டு வந்து வைக்கட்டா?" என்றேன். சிரித்தீர்கள். குளிருது என்றீர்கள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடிப்போன கதையைச் சொன்னேன். பாதியில் கண்ணை மூடினீர்கள். தூங்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

சிஸ்டர் வந்து போர்வையைத் தூக்கினார்.

பிறகு ஆறேழு பேர் ஓடி வந்தார்கள். "தள்ளி நில்லு பிள்ளே" என்று யாரோ சொன்னார்கள். சுவரோடு ஒட்டி நின்றேன். காற்று இறங்கிக்கொண்டிருந்த பசு என் கையில். ரத்தம் ஏற்றினார்கள், தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். துணை என்று வந்தவள் அந்தக் கதவு வரைகூட உங்களோடு வரவில்லை.

கர்ப்பப்பை சுருங்கவில்லை, எல்லாம் செய்து பார்த்தோம் என்றார் மேடம். நீங்கள் ஏதாவது சொன்னீர்களா, எப்போது சொன்னீர்கள் என்று என்னிடம் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். உடனே சொல்லியிருந்தாலும் இப்படியே முடிந்திருக்கலாம் என்றார். அந்த 'லாம்' ஒரு வருடமாக என்னோடு ஹாஸ்டலில்தான் இருக்கிறது.

குழந்தையை வாங்கிப்போக வந்த உங்கள் வீட்டுக்கார அண்ணன் என்னைத் தேடி வந்தார். கையில் குழந்தையைச் சுற்றிய துணிப்பொதி. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீதான அவகூட இருந்த? கடைசியா என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க அண்ணா" என்றேன்.

"சிரிப்பா. அவ சிரிப்பா" என்று தலையாட்டிக்கொண்டே போனார். நான் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

இன்று பயிற்சியில் வலிக்காரியாக நடிக்க என்னைக் கட்டிலில் ஏற்றினார்கள். கத்தினேன், புரண்டேன், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துணைக்கு உட்கார்ந்தவள் மார்த்தாண்டத்துப் பிள்ளை, என்னைப் போலவே வாயாடி. திடீரென்று எனக்கே தெரியாமல் உங்கள் வார்த்தை வந்துவிட்டது. "மக்கா, கீழ நனைஞ்சிட்டே இருக்கு. பால் வடியுத மாதிரி."

அவள் சிரித்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

அங்கே படுத்துப் பார்த்தால் சிரிக்கும் முகம் மட்டும்தான் தெரிகிறது அக்கா. பிறகு எழுந்து, போர்வையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், சிரட்டை உட்பட. யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் சொன்னதை, சொன்னபடியே, முதல்முறையாக ஒரு வகுப்புக்கே சொல்லிவிட்டேன். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டு வந்த அண்ணனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.