சம்பந்திக்கு ஒரு மனு

அக்டோபர் 6

அன்புள்ள சம்பந்திக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? நேற்று சம்பந்தி என்ற உரிமையில் நேரே உங்கள் ஆபீஸ் மேஜை முன்னால் வந்து நின்றேன். நீங்கள் தலையைத் தூக்காமலே "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்றீர்கள். மெத்தை தைக்கிறவனுக்கு ஊசி பிடித்த அளவுக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை. பத்தாவதிலேயே பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் மழைத்தண்ணீர். எங்கள் தெருக் கால்வாய் பெரிய ரோட்டுக்கு அடியில் புகுந்து, உங்கள் தெரு வழியாக ஆற்றில் விழ வேண்டும். போன வருஷத்திலிருந்து எங்கள் வீடுகளுக்குள்தான் விழுகிறது. போன வாரம் என் கடையில் பஞ்சு மூட்டையெல்லாம் ஊறி, ஒவ்வொன்றும் யானைக்குட்டி கனம் கனத்தது. எதிர்வீட்டுக்காரி கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தாள். தெருக் கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "வடிகால் மேற்பார்வையாளர் உங்க சம்பந்திதானே, நீங்க சொன்னா கேக்க மாட்டாரா?" நானும் முட்டாள்தனமாக மீசையை முறுக்கிவிட்டேன்.

பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானாமே. அவனுக்கு என் முத்தம்.

உங்கள் சம்பந்தி


அக்டோபர் 14

மனுதாரருக்கு,

தங்கள் மனு பெறப்பட்டது. மேற்படி கால்வாய் ஆய்வு செய்யப்பட்டதில் அடைப்பு ஏதும் காணப்படவில்லை. பொதுமக்கள் குப்பை கொட்டுவதைத் தவிர்த்தால் நீர் தேங்காது. மனு முடித்துவைக்கப்படுகிறது.

மேற்பார்வையாளர், வடிகால் பிரிவு

பி.கு.: ஆபீசுக்கு எழுதும் கடிதத்தில் பேரனுக்கு முத்தம் அனுப்பாதீர்கள். கிளார்க் சத்தமாகப் படித்துவிட்டான்.


அக்டோபர் 19

மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

முத்தத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆய்வு செய்தவர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் இடுப்புவரை நனைந்திருப்பார். அப்படி நனைந்த அதிகாரி யாரையும் நாங்கள் பார்க்கவில்லை. அதனால் நானும் சைக்கிள் கடைக்காரரும் கால்வாயோரமாகவே நடந்துபோய்ப் பார்த்தோம். ரோட்டுக்கு அடியில் புகுகிற இடத்தில் இரும்பு ஷட்டரை இறக்கிப் பூட்டும் போட்டிருக்கிறது. யார் வேலை என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினால், என் பெண் போனில் வந்தாள். "எங்க தெருவுல சொட்டுத் தண்ணி இல்லப்பா. மாமாதான் ஷட்டரை இறக்கிட்டாரே" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கும் தோன்றவில்லை. பேரன் நனையவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் என் கால் தண்ணீருக்குள் இருப்பது ஞாபகம் வந்தது.

ஷட்டரைத் தூக்குங்கள். உங்கள் தெருப் பக்கம் கால்வாயைத் தூர் வாருங்கள். இரண்டு தெருவும் பிழைக்கும். இல்லையென்றால் மேலிடத்துக்கு எழுதுவோம்.

மனுதாரர்


அக்டோபர் 23

மெத்தைக்காரருக்கு,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆமாம், நான்தான் இறக்கினேன். தூர் வாரப் பணம் கேட்டு எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. யார் வீடாவது நனையத்தான் வேண்டும் என்றால், என் வீடு ஏன் நனைய வேண்டும்? கீழ் அறையில் யார் படுக்கிறார்கள் தெரியுமா? உங்கள் பெண்ணும் பேரனும். நீங்கள் தைத்துக் கொடுத்த மெத்தையைத் தரையில் விரித்து.

தாராளமாக மேலே எழுதுங்கள். அதற்கப்புறம் என் வாசல்படி ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இதை உங்கள் பெண்ணுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.


அக்டோபர் 27

ஐயா,

மறுக்கவில்லை என்பது உண்மைதான். எனக்கும் போன் செய்தாள். "கையெழுத்துப் போடாதீங்கப்பா. போட்டா இந்த வீட்டுல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது?" என்றாள். நான் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

நேற்று கூட்டம். மேலிடத்துக்கான மனு கை மாறி மாறி வந்து, என்னைத் தாண்டிப் போயிற்று. "உங்களுக்கு எதுக்குண்ணே சங்கடம்" என்றார் சைக்கிள் கடைக்காரர். எதிர்வீட்டுக்காரிக்கு அந்தப் பரிவெல்லாம் கிடையாது. "விடுங்க, அவரு பொண்ணு வீடு காயட்டும். நாம ஊறிக்கிட்டுக் கெடப்போம்" என்றாள். பேனாவைப் பிடுங்கி எல்லார் பெயருக்கும் மேலே போட்டேன். என் கையெழுத்து எப்போதுமே கோணல். இந்தத் தடவை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மெத்தையை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். என்மேல் உள்ள கோபத்தை அதன்மேல் காட்ட வேண்டாம்.

கையெழுத்துப் போட்டவன்


நவம்பர் 9

மேலிடத்து ஆட்கள் வந்து ஷட்டரைக் கழற்றிவிட்டார்கள். அன்று மாலையே மழை. ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர். மெத்தை ஊறிவிட்டது. குழந்தையைச் சாப்பாட்டு மேஜைமேல் தூங்கவைத்தோம். எனக்கு மெமோ வந்திருக்கிறது. திருப்திதானே?

இனி இந்த வீட்டுக்குக் கடிதம் வேண்டாம்.


நவம்பர் 20

சம்பந்திக்கு,

எழுத்தில் கொடுக்கப் பழக்கியவர் நீங்கள். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்தியா என்று கேட்டீர்கள். எங்கள் தெரு காய்ந்துவிட்டது. காய்ந்த தரையில் கால் வைக்கும்போதெல்லாம் உங்கள் சாப்பாட்டு மேஜைதான் கண்ணில் நிற்கிறது. இப்போது உங்கள் தெருவில் பொக்லைன் இறங்கித் தூர் வாருகிறதாம். அதை உங்களுக்கு முன்பே கொடுத்திருந்தால் நாம் இரண்டு பேரும் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

போன வாரம் வண்டிக்காரர் ஊறின மெத்தையை என் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கூட ஒரு வார்த்தை இல்லை. தையலைப் பிரித்து, என் பெண் உள்ளே துண்டுச் சீட்டு ஏதாவது வைத்திருப்பாளோ என்று பைத்தியக்காரன் மாதிரி துழாவினேன். சேறுதான் இருந்தது. உறையைத் துவைத்துக் காயவைத்து, புதுப் பஞ்சு அடைத்துத் தைத்தேன். இன்று வண்டிக்காரரைக் கூப்பிட்டால் தலையைச் சொறிகிறார்.

"நான் ஏத்திட்டு வரக்கூடாதுன்னு உங்க பொண்ணு சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"நனைய வச்சவரே தூக்கிட்டு வரட்டுமாம்."

கோபமாகச் சொன்னாளா என்று கேட்டேன். ரொம்பக் கோபமாகத்தான் என்றார். இருந்தாலும் வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். வாசல்படி ஏறக்கூடாது என்றது நினைவிருக்கிறது, கீழேயே நிற்பேன். தலைமேல் மெத்தை இருக்கும், இரண்டு பக்கமும் தொங்கி முகத்தை மறைக்கும். கும்பிடக் கை ஒழியாது. மரியாதை தெரியாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளேயிருந்து யாராவது வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

உங்கள் மருமகளின் அப்பா