ஜன்னலோரத்துக்கு இன்னொரு டிக்கெட்

பெருமாட்டி
12 செப்டம்பர் 1974

அன்புள்ள மகன் அர்த்தநாரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் தென்னைகளும் இரண்டு எருமைகளும் சுகம். பிலாயில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாயிருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைக்குச் சளி விட்டுவிட்டதாக மருமகள் எழுதியிருந்தாள், மனசு லேசாயிற்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் உடனே துவட்டச் சொல். இங்கே மழை இந்த வருஷம் மலையோடு நின்றுவிட்டது, கிணற்றில் தண்ணீர் இருப்பதால் நெல் பிழைத்துக்கொள்ளும்.

காரை விற்றுவிடச் சொல்லி நீ போட்டு அனுப்பிய கணக்கை இரண்டு முறை படித்தேன். அரபு தேசத்தார் கையை மூடிக்கொண்ட பிறகு பெட்ரோல் விற்கிற விலையில் கோயமுத்தூர் போய்வர ஒன்பது லிட்டர், அதன்மேல் டயர், ஆயில், இன்சூரன்ஸ், வரி. அதே பயணம் பஸ்ஸில் மூன்று ரூபாய்க்குள் முடியும் என்கிறாய். கூட்டலில் பிழை இல்லை. சர்க்கார் பட்ஜெட்டில்கூட இத்தனை நேர்மையை நான் கண்டதில்லை. ஆனால் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் என்று போட்டிருக்கிறாய். இங்கிருந்து போகிறவர்கள் இரண்டு பேர்.

அம்மாவின் காரியம் முடிந்ததும் லீவு இல்லையென்று நீ ரயிலேறிவிட்டாய், அதற்குப் பின் நடந்தது உனக்குத் தெரியாது. வழியில் உயிர் போனவர்களை, போன இடத்தில் ஒரு கல் எடுத்துத் துணியில் முடிந்து, திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லி வீட்டுக்குக் கூட்டிவருவது நம் பங்காளிகள் வழக்கம். இதா வாய்க்கால், இதா நம்ம தோட்டம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவர்கள் நின்றுவிடுவார்கள். உன் அம்மாவோ ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வேலந்தாவளம் தாண்டி, ஓடுகிற காரின் முன் சீட்டில் என் தோளில் சாய்ந்தபடி போய்விட்டாள். ஓடிக்கொண்டிருந்த இடத்தில் எந்தக் கல்லை எடுப்பது? பங்காளிகள் கூடி வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் உன் பெரியப்பன் குப்பண்ணன், "வண்டிலதானப்பா போச்சு, அப்ப வண்டிதான் கல்லு" என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டாம் பந்திக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன்படி காரை வாசலில் நிறுத்தி முன் கதவைத் திறந்து, இறங்கு மருதா என்றேன். இறங்கியதாகத் தெரியவில்லை. உன் அம்மாவுக்கு அந்த ஜன்னலை நாலு விரற்கடை இறக்கிவிட்டால்தான் மூச்சு வரும், உனக்கே தெரியும். ராத்திரி நான் முழுக்க ஏற்றிவிட்டுப் போகிற கண்ணாடி காலையில் நாலு விரற்கடை இறங்கியிருக்கும். மெக்கானிக் பழனிச்சாமி உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று புதிதாக மாற்றினான். மறுநாளும் இறங்கியிருந்தது. அவன் கூலி வாங்கவில்லை, பட்டறைப் பக்கம் காரைக் கொண்டுவர வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். இரண்டு வருஷமாக அந்தச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. லிஃப்ட் கேட்கிற உபத்திரவம் ஒழிந்தது, அதையும் உன் கணக்கில் வரவு வைத்துக்கொள்.

இப்போது கொழிஞ்சாம்பாறை மில்காரர் காரை நல்ல விலைக்குக் கேட்கிறார். அவளை உள்ளே வைத்து விற்க முடியாதல்லவா, அதனால் போன வாரம் திங்கள்கிழமை பஸ்ஸில் பழக்கலாம் என்று கூட்டிப்போனேன். காரைத் திறந்து, வா, பஸ்ஸில் போகலாம் என்று சொல்லி, இரண்டு டிக்கெட் எடுத்தேன். கண்டக்டர் ஆறுச்சாமி இன்னொருத்தர் எங்கே என்று கேட்டான். ஜன்னலோரம் என்றேன். இரண்டையும் கிழித்துக் கொடுத்தான். நின்றிருந்த ஒரு பெண்பிள்ளை, "ஏனுங்க, இங்க ஆள் வருதுங்களா?" என்றாள். "வந்தாச்சு அம்மணி" என்றேன். அவள் சீட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, கடைசிவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

தப்பு திரும்பும்போது நடந்தது. வழியெல்லாம் திருப்பங்களை உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தவன், நம் நிறுத்தத்தில் பார்த்தால் பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள். உரக்கச் சொல்லக் கூச்சப்பட்டு நான் மட்டும் இறங்கிவிட்டேன். விசிலடித்து பஸ் போன பிறகுதான், அவளை இறங்கச் சொல்லாமல் விட்டது உறைத்தது. மறுநாள் காலை கார்க் கண்ணாடி நான் ஏற்றினபடியே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. வீட்டிலும் ஒரு அசைவு இல்லை. செத்தவள் வீட்டில் இல்லாததற்கு இவ்வளவு பயப்படுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எந்த ஊர் ஷெட்டில் அந்த பஸ்ஸை நிறுத்துகிறார்களோ, ராத்திரி ஜன்னலைச் சாத்திவிடுவார்களோ என்று சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அதே பஸ்ஸை மறித்து ஏறி, அதே சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோயமுத்தூர் போய்த் திரும்பினேன். ஜன்னலோரம் காலியாகத்தான் இருந்தது. அங்கே யாரும் உட்காருவதில்லை, காற்று சில்லென்று அடிக்கிறது என்கிறார்கள் என்றான் ஆறுச்சாமி. நம் நிறுத்தம் வந்ததும் எழுந்து நின்று, ஊரே கேட்க, "மருதா, நம்மூடு வந்தாச்சு, எறங்கு" என்றேன். பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறுச்சாமி விசிலை வாயில் வைத்து, ஊதாமல், படியையே பார்த்துக்கொண்டு நின்றான். முழங்கால் வலிக்காரி ஒருத்தி இறங்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் ஆனது. "மெதுவாவே எறங்கட்டுங்க, நேரங் கெடக்குது" என்று சொல்லிவிட்டு, பிறகு ஊதினான்.

வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தேன், அவள் படுக்கிற அறை ஜன்னல் நாலு விரற்கடை திறந்திருந்தது. முந்தின ராத்திரி கொக்கி போட்டவன் நான்தான். அன்றே மில்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டேன், காரை எடுத்துப்போகட்டும். ஆக உன் யோசனைதான் ஜெயித்தது.

நீயும் மருமகளும் பேரனும் நோயில்லாமல், கைநிறைய, வாய்நிறைய இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். தைக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், வழியில் ஜன்னலோரம் குழந்தைக்குக் குல்லாய் போடு. டாக்ஸி பிடிக்காதே, கோயமுத்தூர் ஸ்டேஷனுக்கு நாங்கள் பஸ்ஸிலேயே வந்து நிற்போம். திரும்பும்போது டிக்கெட் நீ எடுப்பதானால், ஆட்களைச் சரியாக எண்ணி எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நாச்சிமுத்து